பார்டரே இல்லாத இடத்துக்கு ‘பார்டர்’ என்று பெயர்: செங்கோட்டையின் ரயிலும் எல்லையும்

குற்றாலம் சீசனுக்குப் போகிறவர்களில் பலர் பிரானூர் பார்டரைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள், அங்கே பரோட்டா சாப்பிடுவதற்கென்றே வண்டியை அந்தப் பக்கம் திருப்பியவர்களும் நிறைய. ஆனால் அந்த இடத்தில் இன்று எந்த எல்லையும் கிடையாது. கேரளா தொடங்குவது அங்கிருந்து மேற்கே, செங்கோட்டையையும் புளியரையையும் கடந்து சாலை மலை ஏறுகிற கோட்டைவாசலில். அப்படியானால் பிரானூர் எதற்கு ‘பார்டர்’?

இதே குழப்பம் வேறு வடிவங்களிலும் வருகிறது. செங்கோட்டை வழியாகப் புது ரயில் விடப்போவதாகச் செய்தி வரும்போதெல்லாம் அதே கேள்விகள்தான் கிளம்புகின்றன. மலைக்கு அப்பால் கொல்லம் 100 கிலோமீட்டர்கூட இல்லாதபோது சென்னை வண்டிகளில் பல ஏன் செங்கோட்டையோடு நின்றுவிடுகின்றன? கேரளாவுக்குள் இருக்கிற புனலூர் நிலையம் எப்படி மதுரை கோட்டத்தில் வருகிறது? தமிழ் பேசுகிற ஊர் எப்படித் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது, எப்படி வெளியே வந்தது?

எல்லாவற்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. செங்கோட்டை விஷயத்தில் மலை ஒரு கோடு போட்டது, அரசுகள் ஒரு கோடு போட்டன, ரயில்வே ஒரு கோடு போட்டது. மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தவில்லை. எந்தக் கோட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் புரிந்துவிடும்.

முதலில் நாலு சொற்கள்

1. கணவாய்: மலைத்தொடரில் உயரம் குறைந்து, ஆளும் வண்டியும் கடந்துபோகத் தோதாக இருக்கிற தாழ்வான இடம். இங்கே இருப்பது ஆரியங்காவு கணவாய். புவியியலில் இதைச் சுற்றியுள்ள இடைவெளிக்கு செங்கோட்டை இடைவெளி என்றே பெயர்.
2. மீட்டர் கேஜ், அகலப்பாதை: இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம். மீட்டர் கேஜில் 1,000 மில்லிமீட்டர், அகலப்பாதையில் 1,676 மில்லிமீட்டர். ஒன்றில் ஓடுகிற வண்டி மற்றதில் ஓடாது.
3. கோட்டம்: ரயில்வே தன் வசதிக்காகப் பிரித்துக்கொண்ட நிர்வாகப் பகுதி. மாநில எல்லைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.
4. மாநில மறுசீரமைப்பு: 1956-ல் மொழியை முக்கிய அடிப்படையாக வைத்து இந்திய மாநிலங்களின் எல்லைகளை மாற்றி வரைந்தது. இதற்கான சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

மலை போட்ட கோடு

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் நீளம். அவ்வளவு நீளத்தில் பெரிய இடைவெளி என்றால் பாலக்காடுதான், அது சுமார் 30 கிலோமீட்டர் அகலம். தெற்கே வந்தால் அடுத்து சொல்லும்படியாக இருப்பது செங்கோட்டை இடைவெளி. பாலக்காடு அளவுக்கு இது அகலமும் இல்லை, தாழ்வும் இல்லை, ஆனால் வடக்கே பெரியாறு மலைகளையும் தெற்கே அகத்திய மலையையும் பிரிக்கிற அளவுக்கு இருக்கிறது. உயிரியல் ஆய்வாளர்களுக்கு இது முக்கியமான இடம், ஏனென்றால் உயர்ந்த மலைக்காடுகளில் மட்டும் வாழ்கிற சில பறவைகளும் தவளைகளும் இந்தத் தாழ்வைக் கடப்பதில்லை, அதனால் இந்தப் பக்கம் ஒரு வகை, அந்தப் பக்கம் வேறு வகை என்று பிரிந்துபோயிருக்கின்றன.

தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மலை ஒரு சுவர் மாதிரி. மழை மேற்கே கொட்டிவிடும், கிழக்கே காற்று மட்டும் காய்ந்து வரும். ஆனால் இந்த இடைவெளி இருப்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேகமும் ஈரமும் கொஞ்சம் கிழக்கே நழுவி வருகின்றன. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தின் சாரல் அதுதான். தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் காய்கிற மாதங்களில் இங்கே வயலில் தண்ணீர் நிற்பதும், சின்ன அணையான குண்டாறு சீக்கிரமே நிரம்பி வழிவதும் இதனால்தான். சாரல் முடிகிற இடத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும், அவற்றில் பல இந்த இடைவெளி வழியாக வருகிற காற்றை நம்பி நிற்பவை.

காற்று வந்த வழியிலேயே மனிதர்களும் வந்தார்கள். மலைநாட்டுச் சரக்கு, அதாவது மிளகு, பாக்கு, மரம் ஆகியவை கிழக்கே இறங்கின. அரிசி, பருத்தி, மிளகாய், ஆடுமாடு மேற்கே ஏறின. இப்படி ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் தங்கி மூச்சு வாங்குகிற அடிவாரம் செங்கோட்டை. இங்கே ஒரு ஊர் உருவாக ரயில் தேவைப்படவில்லை. ரயில் வருவதற்கு இந்த வழி தேவைப்பட்டது.

திருவிதாங்கூர் மலையைத் தாண்டி இறங்கியது எப்படி

அரசுகள் மலை முகட்டையே எல்லையாக வைத்துக்கொள்வது வழக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இங்கே அப்படி நடக்கவில்லை. மலைக்கு மேற்கே கொட்டாரக்கரையைத் தலைமையிடமாகக் கொண்ட இளையிடத்து சுவரூபம் என்ற சிற்றரசின் கை செங்கோட்டை வரை நீண்டிருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் மார்த்தாண்ட வர்மா அக்கம்பக்கத்துச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகத் திருவிதாங்கூரோடு சேர்த்தபோது இளையிடத்து சுவரூபமும் அதில் போனது. அதிலிருந்து செங்கோட்டை திருவிதாங்கூரின் ஊர். மலைக்கு அந்தப் பக்கத்து ராஜ்ஜியத்துக்கு இந்தப் பக்க அடிவாரத்தில் ஒரு காலடி என்று சொல்லலாம்.

அது எதற்கு? கணவாயின் ஒரு வாசலை மட்டும் வைத்திருப்பவனால் வழியை அடைக்க முடியும், அவ்வளவுதான். இரண்டு வாசலும் ஒருவன் கையில் இருந்தால் போகிற வருகிற சரக்குக்கெல்லாம் அவன்தான் சுங்கம் வசூலிப்பான். ராணுவக் கண்ணோட்டத்திலும் எதிரி மலை ஏறத் தொடங்குகிற இடத்திலேயே காவல் போடுவது லாபம்.

செங்கோட்டைக்குக் கிழக்கே, சுமார் 8 கிலோமீட்டரில் இருக்கிற தென்காசி ஆங்கிலேயரின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே பிரானூரில் திருவிதாங்கூர் முடிந்து பிரிட்டிஷ் இந்தியா தொடங்கியது. பிரானூர் பார்டரில் இருக்கிற ‘பார்டர்’ அந்த எல்லைதான். எல்லை போய் எழுபது வருடங்கள் ஆகப்போகின்றன, பெயர் மட்டும் பஸ்ஸின் முகப்புப் பலகையிலும் கடைப் பெயர்களிலும் மக்கள் வாயிலும் உயிரோடு இருக்கிறது. வரலாற்றுப் புத்தகங்களைவிட இந்த ஒரு பெயர் செங்கோட்டையின் கதையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது என்பது என் எண்ணம்.

அந்த எல்லை வெறும் வரைபடக் கோடு இல்லை. திருவிதாங்கூருக்குத் தனி நாணயம் இருந்தது, அதன் பெயர் சக்கரம், ஏறக்குறைய 28 சக்கரம் சேர்ந்தால் பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒன்று. தபாலுக்குத் தனித் துறை இருந்தது, அதற்கு அஞ்சல் என்று பெயர், 1951-ல்தான் அது இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. சரக்குகளைச் சோதித்துத் தீர்வை வசூலிக்கும் சவுக்கைகள் எல்லையில் இருந்தன. 1865-ல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி மூன்றும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தால் பல தீர்வைகள் நீங்கின, ஆனாலும் எல்லை எல்லையாகவே இருந்தது.

ரயில்: தெற்குக் கேரளத்தின் ஒரே வாசல்

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூருக்குள் ரயில் கிடையாது. கொல்லம் துறைமுகமும் வியாபார நகரமும், புனலூரைச் சுற்றி மலைத்தோட்டங்கள், அங்கே கல்லடை ஆற்றின் மேல் 1877-ல் முடிந்த தொங்குபாலம், அதைத் தாண்டி செங்கோட்டை வரை மாட்டுவண்டிச் சாலை. சரக்கு இருக்கிறது, வழி இருக்கிறது, ரயில் மட்டும் இல்லை. கிழக்கே திருநெல்வேலி வரை ஏற்கெனவே தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் மீட்டர் கேஜ் பாதை வந்துவிட்டது. இரண்டையும் இணைக்க மலையில் இருக்கிற ஒரே தோதான இடம் ஆரியங்காவு.

திருவிதாங்கூர் அரசு, மதராஸ் அரசு, ரயில்வே கம்பெனி மூன்றும் சேர்ந்து எடுத்த முயற்சி இது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயில் 1903-ல் செங்கோட்டையை எட்டியது. மலைப்பகுதிதான் தகராறு செய்தது. குகைகளைக் குடைய வேண்டும் (இந்தப் பக்கத்தில் சுரங்கப்பாதையைக் குகை என்றுதான் சொல்வார்கள்), பள்ளத்தாக்குகளின் மேல் பாலம் கட்ட வேண்டும், வருடத்தில் பாதி மாதங்கள் மழை. அதனால் கொல்லம்–புனலூர் சமவெளிப் பகுதி முன்பே தயாராகிவிட்டது, ஆனால் அதில் ஓட வண்டி வேண்டுமே? எஞ்சினையும் பெட்டிகளையும் கடல் வழியாகக் கொல்லத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து ஓட்டினார்கள். 1904-ல் மலைப்பகுதியும் திறந்து இரண்டு முனையும் சேர்ந்தன. செங்கோட்டையிலிருந்து கொல்லம் வரை மொத்தம் சுமார் 94 கிலோமீட்டர்.

அந்த வேலையின் தரத்துக்கு இன்னும் சாட்சி நிற்கிறது. கழுதுருட்டியில் சாலையின் பக்கத்திலேயே தெரிகிற 13 கண் பாலம், கருங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் வைத்துக் கட்டியது. நூறு ஆண்டுகளுக்கு மேல் மீட்டர் கேஜ் வண்டிகளைத் தாங்கியது, பிறகு கான்கிரீட்டால் வலுப்படுத்தப்பட்டு இன்று அகலப்பாதை வண்டிகளையும் தாங்குகிறது.

இந்தப் பாதையின் முக்கியத்துவத்தை அளக்க நான்கு ஆண்டுகள் போதும்.

1. 1904: கொல்லம் ரயிலால் வெளியுலகோடு இணைகிறது, செங்கோட்டை வழியாக.
2. 1918: கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பாதை நீள்கிறது. திருவிதாங்கூரின் தலைநகருக்கு ரயிலில் போக வேண்டுமானால் செங்கோட்டையைக் கடந்தாக வேண்டும், வேறு வழியே கிடையாது.
3. 1927: விருதுநகர்–தென்காசிப் பாதை வருகிறது. மதராஸ், மதுரையிலிருந்து வருகிறவர்கள் திருநெல்வேலியைச் சுற்ற வேண்டியதில்லை.
4. 1958: எர்ணாகுளத்திலிருந்து கோட்டயம் வழியாகக் கொல்லம் வரை பாதை முடிகிறது. அன்றுதான் திருவனந்தபுரத்துக்கு இரண்டாவது வாசல் திறக்கிறது.

1904-க்கும் 1958-க்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல். அந்தக் காலம் முழுக்க மதராஸுக்குப் படிக்கப் போன திருவிதாங்கூர் மாணவர், மனுக் கொடுக்க வந்த தலைவர், முந்திரி வியாபாரி, சிப்பாய் என்று கொல்லத்திலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ ரயிலேறிப் போன ஒவ்வொருவரும் செங்கோட்டை நிலையத்தின் வழியாகப் போனவர்கள்தான். மதராஸிலிருந்து கொல்லத்துக்கு ஓடிய கொல்லம் மெயிலை இன்றும் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பதற்குக் காரணம் அது கடந்த மலை மட்டுமில்லை, அது பல குடும்பங்களுக்கு ஊருக்கும் வெளியுலகுக்கும் இருந்த ஒரே கயிறு.

1911: எல்லையும் ரயிலும் சந்தித்த ஒரு காலை

செங்கோட்டை என்றால் பலருக்கு முதலில் நினைவு வருவது வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் நின்ற ரயில் பெட்டியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை அவர் சுட்டுக் கொன்றதும், பிறகு தன்னையே சுட்டுக்கொண்டதும் எல்லோருக்கும் தெரிந்தது. நிகழ்ச்சியை மறுபடி சொல்வதைவிட அதன் வரைபடத்தைப் பார்ப்பது இங்கே நமக்கு உதவும்.

வாஞ்சிநாதன் பிறந்தது செங்கோட்டையில், 1886-ல். வேலை பார்த்தது புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். இரண்டு ஊரும் ஒரே பாதையில், இரண்டுமே பிரிட்டிஷ் நேரடி ஆட்சிக்கு வெளியே. தென்காசி அடுத்த நிலையங்களில் ஒன்று, அது பிரிட்டிஷ் மண். பாதை திருநெல்வேலிக்குப் போகிறது, அங்கிருந்து மணியாச்சி. அவருடைய வாழ்க்கை முழுக்க அப்போது ஏழே வயதான இந்த ரயில் பாதையின் மேல்தான் அமைந்திருக்கிறது. சமஸ்தான எல்லைக்குள் கூடிப் பேசவும், ரயிலேறிச் சில மணி நேரத்தில் பிரிட்டிஷ் மாவட்டத்தின் நடுவுக்குப் போகவும் முடிந்த ஊர் செங்கோட்டை. எல்லையும் ரயிலும் ஒரே ஊரில் இருப்பதால் என்னென்ன சாத்தியமாகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

1956: எல்லை மேற்கே நகர்ந்தது

விடுதலைக்குப் பிறகு 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரே மாநிலமானது. அதற்குள் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களை மதராஸ் மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அவர்கள் கேட்ட தாலுகாக்கள் ஒன்பது: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர். 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. மாநில மறுசீரமைப்புக்காக 1953 டிசம்பரில் அமைக்கப்பட்ட பசல் அலி ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. ஒன்பதில் ஐந்துதான் மதராஸுக்கு என்று முடிவானது.

அந்த ஐந்தில் தெற்கே இருந்த நான்கு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் என்று தனி மாவட்டமானது. ஐந்தாவது செங்கோட்டை. அது அந்த நான்கோடும் நிலத்தொடர்பு இல்லாமல் தனியே வடக்கே இருந்தது, அதனால் அப்படியே திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. நவம்பர் 1 வரும்போதெல்லாம் கன்னியாகுமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள் என்று எழுதுகிறோம், பேசுகிறோம், சரி. அதே நாளில் அதே சட்டத்தின் அதே பிரிவில் வந்த செங்கோட்டையை எத்தனை பேர் குறிப்பிடுகிறார்கள்? தனி மாவட்டம் ஆகாமல் பெரிய மாவட்டத்துக்குள் கரைந்துபோனதால் அதன் இணைப்பு ஒரு அடிக்குறிப்பாகச் சுருங்கிவிட்டது. இது சரிசெய்யப்பட வேண்டிய மறதி. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது செங்கோட்டை அதற்குள் வந்தது.

1956-ல் மொழி, நில அமைப்பு இரண்டும் ஒரே பக்கம் பேசின. கிழக்கு அடிவாரத்தில் வாழ்ந்தவர்கள் தமிழர்கள், அடிவாரமும் தண்ணீர் ஓடுகிற திசையும் தமிழ்நாட்டோடு. ஆரியங்காவும் தென்மலையும் மலையின் அந்தப் பக்கம், அவை இன்று கேரளாவின் கொல்லம் மாவட்டத்தில். ஆக, மலைக்குக் கிழக்கே பிரானூரில் இருந்த எல்லை மலைக்கே போய்விட்டது. மேலே சொன்ன மூன்று கோடுகளில் இரண்டு, மலையின் கோடும் அரசின் கோடும், ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்குப் பிறகு இங்கே ஒன்றுசேர்ந்தன.

ரயிலில் போனால் இதை உணரலாம். தமிழ்நாட்டின் கடைசி நிலையம் பகவதிபுரம். அதைத் தாண்டியதும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமான குகை வரும். தமிழ்நாட்டில் நுழைந்து கேரளாவில் வெளியே வருவோம். திருவிதாங்கூர் காலத்தில் இந்தக் குகை ஒரே நாட்டுக்குள் இருந்தது.

வாசலுக்கு வெளியே புது வழிகள்

செங்கோட்டையின் முக்கியத்துவம் குறைந்தது 1956-ன் எல்லை மாற்றத்தால் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியாகப் படவில்லை. குறைத்தது ரயில்வேயின் சொந்த முடிவுகள்.

1958-ல் கோட்டயம் வழி திறந்ததும் கேரளாவுக்குள்ளேயே வடக்கு-தெற்காகப் போக முடிந்தது. 1976 வாக்கில் எர்ணாகுளம்–திருவனந்தபுரம் பாதை அகலப்பாதையானது. 1979-ல் திருவனந்தபுரம்–நாகர்கோவில், 1981-ல் நாகர்கோவில்–திருநெல்வேலி அகலப்பாதைகள் வந்தன. அவ்வளவுதான், தெற்குக் கேரளத்துக்கு வரும் மற்ற வழிகள் அகலப்பாதை, செங்கோட்டை–கொல்லம் மட்டும் மீட்டர் கேஜ். நீளமான வண்டிகளும் சரக்கும் அகலப்பாதையைத் தேடிப் போகும், சின்னப் பாதையில் மிஞ்சுவது உள்ளூர்ப் பயணிகள். கிழக்கே சென்னை–மதுரைப் பாதை அகலமானபோது கொல்லம் மெயிலின் காலமும் முடிந்தது.

பாதை மாற்றம் ஏன் அவ்வளவு இழுத்தது

விருதுநகர் பக்கத்திலிருந்து அகலப்பாதை 2004-ல் செங்கோட்டைக்கு வந்துவிட்டது. மேற்கே மீட்டர் கேஜ் அப்படியே இருந்தது. சென்னையிலிருந்து அகலப்பாதையில் வந்த வண்டியால் அதற்கு மேல் போக முடியாது. பொதிகை எக்ஸ்பிரஸ் செங்கோட்டையிலேயே முடிகிற வழக்கம் இப்படி வந்ததுதான். 2010 செப்டம்பரில் புனலூர்–செங்கோட்டை மலைப்பாதையை மூடினார்கள், அது மறுபடி திறந்து கொல்லம் வரை வண்டி ஓடியது 2018-ல். ஏழரை வருடம். 49 கிலோமீட்டருக்கு ஏழரை வருடமா என்ற கோபம் நியாயமானதுதான், அதில் பணம் ஒதுக்குவதில் நடந்த தாமதத்துக்கும் பங்கு உண்டு. ஆனாலும் வேலையின் தன்மையையும் பார்க்க வேண்டும்:

1. அகலப்பாதைப் பெட்டி மீட்டர் கேஜ் பெட்டியைவிட அகலமும் உயரமும் கூடியது. ஆகவே பழைய குகை எதிலும் அது நுழையாது. குகையை அகலப்படுத்துவது புதிதாகக் குடைவதைவிடச் சிக்கல், ஏற்கெனவே நிற்கிற பாறையையும் கட்டுமானத்தையும் கலைத்துவிட்டு இடிந்துவிழாமல் வேலை செய்ய வேண்டும்.
2. வளைவுகள். மலையில் குறுகலாக வளைந்து போக முடிந்தது மீட்டர் கேஜின் பலம். அகலப்பாதைக்கு வளைவைத் தளர்த்த வேண்டும், அதற்கு மலைச்சரிவை வெட்ட வேண்டும்.
3. பாலங்கள் எல்லாவற்றையும் கூடுதல் எடைக்கு ஏற்ப மாற்றவோ வலுப்படுத்தவோ வேண்டும்.
4. மழை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பாதிக்கிற இடம் இது. வருடத்தில் நிம்மதியாக மண் வெட்டக்கூடிய மாதங்கள் குறைவு.

பாதை திறந்த பிறகும் வண்டிகள் ஏன் மெதுவாகப் போகின்றன, பெட்டிகளை ஏன் கூட்டத் தயங்குகிறார்கள் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. ஏற்றத்தில் பெட்டி கூடக்கூட இணைப்புக் கொக்கிகளின் மேல் இழுப்பு கூடும், அதனால் பின்னால் இன்னொரு எஞ்சினைச் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கும். இறக்கத்தில் பிரச்சினை தலைகீழ், அவ்வளவு எடையையும் பிரேக் பிடித்து நிறுத்த முடிய வேண்டும். ஆகவே வேகம் குறைவு. இது ஒற்றைப் பாதை என்பதால் எதிரெதிரே வருகிற வண்டிகள் நிலையங்களில்தான் ஒதுங்க முடியும். ஒதுங்கும் பாதையின் நீளத்துக்குள் முழு வண்டியும் அடங்க வேண்டும், மலை நடுவில் அந்த நீளத்தைக் கூட்டுவது சமவெளியில் கூட்டுவது போல இல்லை. ‘இன்னொரு ரயில் விட்டால் என்ன?’ என்று கேட்கும்போது பெட்டிகள் கையில் இருக்கின்றனவா என்பதோடு இந்த மலையில் இன்னொரு வண்டிக்கு நேரம் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். பாதை இப்போது மின்மயமாகிவிட்டது, இழுவைக்கு அது உதவும், ஆனால் வளைவையும் சரிவையும் மின்சாரம் மாற்றாது.

ரயில்வே போட்ட மூன்றாவது கோடு

இனி மதுரை கோட்டம். திருவனந்தபுரத்தில் தனிக் கோட்டம் வந்தது 1979-ல்தான், அதற்கு முன் அந்தப் பகுதியெல்லாம் மதுரையின் கீழ் இருந்தது. புதுக் கோட்டம் பிரிந்தபோது அதன் முதுகெலும்பு அகலப்பாதை. செங்கோட்டை–கொல்லம் மீட்டர் கேஜ், அதன் வண்டிகளும் பராமரிப்பும் கிழக்கே மதுரைப் பக்கத்து மீட்டர் கேஜ் வலையோடு பின்னியவை. ஆகவே அது மதுரையிலேயே தங்கியது. கேஜ் மாறிய பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. கொல்லம் சந்திப்பு திருவனந்தபுரம் கோட்டம், அதை விட்டு வெளியே வந்ததும் கிளிகொல்லூர், குண்டறை, புனலூர், தென்மலை எல்லாம் மதுரை கோட்டம்.

நடைமுறையில் இதன் பொருள், புனலூர்க்காரர் தன் நிலையத்தில் ஒரு நடைமேடைக் கூரை வேண்டும் என்றால் மனு மதுரைக்குப் போக வேண்டும். மலைப்பாதை வழியாகப் பாலக்காட்டுக்கோ குருவாயூருக்கோ ஒரு வண்டி என்றால் இரண்டு மூன்று கோட்டங்களின் நேர அட்டவணைகள் ஒத்துப்போக வேண்டும். இரண்டு மாநில எம்.பி.க்களும் ஒரே பாதைக்காகப் பேசுவது இந்தப் பாதையின் பலம். எந்த ஊரும் அதைத் தன் சொந்தப் பாதையாக முழுதாகக் கோர முடியாதது அதன் பலவீனம்.

சாலையில் நிலைமை வேறு. கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744 இதே கணவாய் வழியாகத்தான் போகிறது, காய்கறியும் வைக்கோலும் கட்டுமானப் பொருளும் ஏற்றிய லாரிகள் புளியரையைத் தாண்டி ஏறுகின்றன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போய்விட்டன. போலீஸும் வனத்துறையும் சோதிப்பது நிற்கவில்லை, ரேஷன் அரிசி மேற்கே போவதும் கழிவுகள் கிழக்கே வருவதும் இந்த எல்லையின் தீராத தலைவலிகள்.

பழைய எல்லை இன்னும் வேலை செய்கிற இடங்கள்

பத்திரங்களில். 1956-க்கு முந்தைய நிலப் பத்திரங்களைப் பார்க்கிறவர்கள் கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டுக்கணக்கு) தேதி இருப்பதைக் கண்டு குழம்புவார்கள். கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆண்டு ஆகஸ்ட் நடுவில் பிறக்கும் என்பதால் இந்த ஒரு வருட வித்தியாசம். கொல்லம் 1100 என்றால் 1924 ஆகஸ்டிலிருந்து 1925 ஆகஸ்ட் வரை. ‘பகுதி’ என்று எழுதியிருந்தால் அது ஏதோ ஒரு துண்டு நிலத்தைக் குறிப்பதில்லை, திருவிதாங்கூர் வருவாய்த் துறையின் ஒரு நிர்வாக அலகு.

கோயில்களிலும். ஆரியங்காவு ஐயப்பனின் திருக்கல்யாணத்துக்குப் பெண் வீட்டாராக மதுரையிலிருந்து சௌராஷ்டிரர்கள் மலையேறிப் போகிறார்கள். அச்சன்கோவில் கேரளாவில்தான் இருக்கிறது, ஆனால் செங்கோட்டையிலிருந்து பண்பொழி, மேக்கரை வழியாகப் போவது எளிது. அந்த ஐயப்பனின் திருவாபரணங்கள் புனலூர்க் கருவூலத்தில் இருக்கும். மார்கழித் திருவிழா நெருங்கும்போது அந்த நகைப்பெட்டி புனலூரில் கிளம்பி, ஆரியங்காவு கணவாயில் கிழக்கே இறங்கி, செங்கோட்டையிலும் தென்காசியிலும் மக்கள் வரவேற்க, மேக்கரை வழியாக மறுபடி மலையேறிக் கேரளாவுக்குள் போய்ச் சேர்கிறது.